துரத்தியவனுக்கா, பிடித்தவனுக்கா? ‘சேஸ்’ என்னும் ஆங்கில வினைச்சொல்லின் வழக்கு

(அறக்கட்டளைச் சொற்பொழிவாக ஆற்றப்பட்டு, அச்சுக்காகச் சுருக்கித் திருத்தப்பட்ட வடிவம்)



மேடையேறுகிறவர் முதலில் அவையைப் புகழ்ந்து நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்பது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம். லத்தீன் சொற்கலை மரபில் இதற்கு ஒரு பெயரே உண்டு: ‘காப்தாதியோ பெனெவொலென்தியே’. கேட்பவர்களின் நல்லெண்ணத்தைப் பிடிக்கப் பார்ப்பது என்று பொருள். நான் அந்தப் புகழ்ச்சியைத் தவிர்த்துவிடுகிறேன். ஆனால் அந்தத் தொடரின் முதல் சொல்லை விடமாட்டேன். இன்றைய பேச்சு முழுவதும் அதன் வழித்தோன்றல்களைப் பற்றியதுதான்.

தீபாவளிக்கு முந்தின வாரத்துத் தமிழ் நாளிதழ் ஒன்றைப் புரட்டுங்கள். விளையாட்டுப் பக்கத்தில் ஓர் அணி பெரிய இலக்கை ‘சேஸ்’ செய்திருக்கும். அதே பக்கத்தில் ஒருவர் கைக்கு வந்த ‘கேட்ச்’சைக் கோட்டைவிட்டிருப்பார். உள்ளூர்ப் பக்கத்தில் தி.நகரில் தீபாவளி ‘பர்ச்சேஸ்’ களைகட்டியிருக்கும். மூன்றும் ஆங்கிலச் சொற்கள் என்று எல்லோருக்கும் தெரியும். மூன்றும் ஒரே லத்தீன் வினையின் பிள்ளைகள் என்பது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களுக்கே பெரும்பாலும் தெரியாது.

சொற்பிறப்பு ஆராய்ச்சி பல நேரங்களில் வம்சாவளிப் பட்டியல் போட்டுவிட்டு ஓய்ந்துவிடுகிறது. இதிலிருந்து அது வந்தது, அதிலிருந்து இது வந்தது என்பதோடு சரி. எனக்கு அது போதவில்லை. ஒரு சொல் இரண்டு வடிவங்களில் ஒரே மொழிக்குள் வந்து சேர்ந்தால், இரண்டும் ஏன் பிழைத்தன என்று கேட்க வேண்டும். என் கருத்து இது: ‘சேஸ்’, ‘கேட்ச்’ என்ற இரு வடிவங்களைத் தந்தது வட்டார ஒலி வேறுபாடு. இரண்டையும் வாழவைத்தது ஒரு தேவை. முயல்வது வேறு, பெறுவது வேறு என்று பிரித்துச் சொல்ல வேண்டிய தேவை அது. வேட்டைக்காரர்களும் வக்கீல்களும் அந்தத் தேவையை மற்றவர்களைவிடக் கூர்மையாக உணர்ந்தவர்கள். அதனால் இந்தப் பேச்சில் காடும் நீதிமன்றமும் அடிக்கடி வரும்.

1.

வேரிலிருந்து தொடங்குவோம். லத்தீனில் ‘காபெரே’ என்றால் எடு, பிடி, கைப்பற்று. ஆங்கிலத்தின் கேப்சர், கேப்டிவ், கேப்பபிள், கெப்பாசிட்டி எல்லாம் இங்கிருந்து வந்தவை. ரிசீவ், அக்செப்ட், டிசீவ் என்று முகம் மாறி வந்தவையும் உண்டு.

இந்த வேரின் இந்தோ-ஐரோப்பிய மூலத்தைக் ‘கப்’ என்று மீட்டுரைப்பார்கள். அதே மூலம் ஜெர்மானிய மொழிகளுக்குள் வேறு வழியாகப் போனது. லத்தீன் ‘க’ நிற்கும் இடத்தில் ஜெர்மானியத்தில் ‘ஹ’ நிற்கும். லத்தீன் ‘கோர்னு’ ஆங்கிலத்தில் ‘ஹார்ன்’, ‘கானிஸ்’ என்னும் நாய் ‘ஹவுண்ட்’. இந்த விதிப்படி ‘காபெரே’க்கு ஆங்கிலத்தில் உடன்பிறப்பு எது என்று தேடினால் ‘ஹேவ்’ வந்து நிற்கிறது. வைத்திரு, உடைமையாகக் கொண்டிரு என்னும் அதே ‘ஹேவ்’தான். லத்தீனில் அதே பொருள் தரும் ‘ஹபேரே’ என்ற சொல் உண்டு. ஒலியும் ஒக்கும், பொருளும் ஒக்கும். ஆனாலும் ‘ஹேவ்’வுக்கும் அதற்கும் உறவில்லை. ஒலி ஒத்துப்போவதை வைத்து உறவு கொண்டாடும் நண்பர்கள் இந்த ஓர் எடுத்துக்காட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் நல்லது.

லத்தீனில் ஒரு வினையிலிருந்து அதன் தொடர்முயற்சி வடிவத்தை ஆக்கிக்கொள்ளலாம். ‘காபெரே’ பிடிப்பது என்றால், ‘காப்தாரே’ பிடிக்கப் பார்ப்பது, திரும்பத் திரும்பக் கைநீட்டுவது. கை நீண்டிருக்கிறது, அதில் இன்னும் ஒன்றும் அகப்படவில்லை. இந்த இடைவெளிதான் நம் கதைக்கு விதை.

இந்தச் சொல்லுக்கு ரோமாபுரியில் கிடைத்த சமூக வாழ்க்கை வேடிக்கையானது. பிள்ளையில்லாத பணக்காரக் கிழவர்களையும் விதவைகளையும் சுற்றிவந்து, பழமும் பரிசும் கொடுத்து, உடம்புக்கு முடியாதபோது ஓடோடிப் போய் விசாரித்து, உயிலில் தன் பெயரை ஏற்றிக்கொள்ளப் பார்க்கிறவர்கள் அங்கே ஒரு கூட்டமாகவே இருந்தார்கள். அவர்களுக்குக் ‘காப்தாதோர்’ என்று பெயர். சொத்துவேட்டைக்காரர் என்று சொல்லலாம். ஹொரேஸ் தம் அங்கத நூலின் இரண்டாம் தொகுதியில் ஒரு முழுப் பாடலை இவர்களுக்கே ஒதுக்கினார். வீடு திரும்பும் யுலிசிஸ், இழந்த செல்வத்தை மீட்க வழி கேட்கிறான். இறந்துபோன தீர்க்கதரிசி டைரீசியஸ் அவனுக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுக்கிறார்.

இளைய பிளைனியின் கடிதம் ஒன்றில் ரெகுலஸ் என்ற வக்கீல் வருகிறான். சாகக் கிடக்கும் வெரானியா என்ற விதவையின் கட்டிலருகே போய் உட்கார்கிறான். அவளுடைய இறந்த கணவனுக்கு இவன் பரம எதிரி. பிறந்த நாள் என்ன, நேரம் என்ன என்று கேட்டு, விரல்விட்டு எண்ணி, உதட்டை அசைத்து, ‘கண்டம் இருக்கிறது, ஆனால் பிழைத்துக்கொள்வீர்கள்’ என்கிறான். போதாதென்று ஒரு பலியும் கொடுத்துப் பார்த்து, அதுவும் நல்ல சகுனமே என்று வந்து சொல்கிறான். அவள் நம்பி உயிலில் அவனுக்கு ஒரு பங்கு எழுதுகிறாள். சிறிது காலத்தில் அவனைச் சபித்துக்கொண்டே சாகிறாள். இந்த ஜாதக உத்தி நமக்குப் புதிதல்ல என்பதால் பிளைனியின் கடிதங்களில் இது எனக்கு மிகவும் நெருக்கமானது.

நான் இதில் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று. ‘காப்தாரே’ என்ற சொல் மானையும் மீனையும் குறித்தது போலவே மற்றவர் சொத்தையும் நல்லெண்ணத்தையும் குறித்தது. உடைமை பற்றிய ஆசை இந்தச் சொல்லுக்குள் பிறகு வந்து ஒட்டிக்கொண்டதல்ல. ஆரம்பத்திலேயே இருந்தது.

2.

பேச்சு லத்தீனில் ‘காப்தாரே’யின் அருகில் ‘காப்தியாரே’ என்று ஒரு வடிவம் இருந்திருக்க வேண்டும். எந்தக் கல்வெட்டிலும் சுவடியிலும் அது கிடைக்கவில்லை. அதனால் மொழியியலார் அதன் தலையில் ஒரு நட்சத்திரக் குறி போடுவார்கள். ஆனால் பிள்ளைகளைப் பார்த்துத் தாயை ஊகிக்கலாம்: இத்தாலியத்தில் ‘கச்சாரே’, ஸ்பானியத்தில் ‘கசார்’, பிரெஞ்சில் ‘ஷாஸே’. எல்லாவற்றுக்கும் முதற்பொருள் வேட்டையாடுவது. இத்தாலியத்திலும் பிரெஞ்சிலும் விரட்டி அடிப்பது என்ற பொருளும் உண்டு. பிரெஞ்சில் கழிவறைத் தொட்டியின் தண்ணீரைத் திறந்துவிடுவதற்குக்கூட இந்தச் சொல்தான். அது வேட்டையின் எந்த அங்கம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பிரான்சின் வடக்கே ஒரு கோடு ஓடுகிறது. வரைபடத்தில் அச்சிட்ட எல்லை அல்ல, மொழியியலார் கண்டுபிடித்த கோடு. 19-ஆம் நூற்றாண்டு அறிஞர் ஷார்ல் ஜோரே பெயரால் ‘ஜோரே கோடு’ என்பார்கள். நார்மண்டியைக் குறுக்கே வெட்டிக் கிழக்கே போகிறது. கோட்டுக்குத் தெற்கே, லத்தீனின் ‘க’ ஒலி ‘அ’வுக்கு முன்னால் ‘ச’ ஆகிவிட்டது. வடக்கே ‘க’வாகவே நின்றது. பசுவுக்குப் பாரிஸில் ‘வாஷ்’, வடக்கு நார்மண்டியில் ‘வாக்’. இதே கணக்குப்படி ‘காப்தியாரே’ தெற்கே ‘சாசியேர்’ ஆனது, வடக்கே ‘கச்சியேர்’ ஆனது.

1066-இல் நார்மண்டியின் வில்லியம் கடலைத் தாண்டி இங்கிலாந்தைப் பிடித்தபோது, அவனோடு போனது வடக்கத்திப் பேச்சு. 12-ஆம் நூற்றாண்டில், கோட்டுக்குத் தெற்கத்தி ஆஞ்சு வம்சத்து இரண்டாம் ஹென்றி அரசனானான். 1204-இல் நார்மண்டி ஆங்கில அரசின் கையைவிட்டுப் போனது. அதன் பிறகு பாரிஸ் பக்கத்துப் பிரெஞ்சுக்குத்தான் மதிப்பு. ஆக ஒரே மொழியிலிருந்து இரண்டு தவணையில் கடன் வாங்கியதுபோல ஆயிற்று. ‘கேட்ச்’ 13-ஆம் நூற்றாண்டின் தொடக்க நூல்களில் தலைகாட்டுகிறது. ‘சேஸ்’ அந்நூற்றாண்டு முடியும் தறுவாயில் வருகிறது.

ஒலி பற்றி ஒரு வார்த்தை. பிரெஞ்சில் இன்று ‘ஷாஸே’ என்கிறார்கள், ஆங்கிலத்தில் ‘ச்’ ஒலி வலுவாக நிற்கிறது. ஆங்கிலேயர் தவறாக உச்சரிக்கிறார்கள் என்று பொருளல்ல. இடைக்காலப் பிரெஞ்சில் அப்படித்தான் ஒலித்தார்கள். ஆங்கிலம் பழைய ஒலியைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. ‘சீஃப்’ பழைய கடன், ‘ஷெஃப்’ புதிய கடன். இரண்டும் ஒரே சொல்.

இதுபோன்ற இரட்டையர் ஆங்கிலத்தில் இன்னும் உண்டு. ‘கேட்டில்’, ‘சாட்டல்’ என்ற இணை அவற்றுள் சிறந்தது. இரண்டுக்கும் மூலம் ‘காபிதாலே’, அதாவது முதல், சொத்து. வடக்கத்தி வடிவம் மாட்டுத்தொழுவத்துக்குப் போய்க் கால்நடை ஆகியது. தெற்கத்தி வடிவம் வக்கீல் மேசைக்குப் போய் அசையும் சொத்து ஆகியது. மாடு என்றால் செல்வம் என்று அறிந்த நமக்கு இதில் வியப்பில்லை. அண்ணன் தம்பி பாகப்பிரிவினை போல, ஒரு வீட்டுக்குள் இரண்டு பேர் இருந்தால் மொழி ஒருநாள் சுவர் எழுப்பியே தீரும்.

3.

ஆனால் சுவர் உடனே எழுந்துவிடவில்லை. இடைக்கால ஆங்கிலத்தின் முதற்கட்டத்தில் ‘கேட்ச்’ என்பதற்கே துரத்து என்ற பொருளும் இருந்தது. பிடி என்ற பொருளும் இருந்தது. இந்தக் குழப்ப நிலையைக் கண்முன் காட்டும் ஒரு சொல் இருக்கிறது: ‘கேட்ச்போல்’. இடைக்கால இங்கிலாந்தில் வரியும் கடனும் வசூலிக்கிற சிப்பந்திக்கு அந்தப் பெயர். ‘போல்’ என்பது கோழி. நேர்ப்பொருள் கோழி துரத்தி. கடன்காரன் கையில் காசு இல்லையென்றால் முற்றத்தில் மேயும் கோழியைப் பிடித்துக்கொண்டு போகிறவன். நம் ஊரில் ஜப்திக்கு வரும் அமீனாவின் மூதாதை என்று வைத்துக்கொள்ளலாம். அண்டா குண்டாவுக்குப் பதில் அங்கே கோழி.

இந்தக் காட்சியைச் சற்று நிறுத்திப் பாருங்கள். கோழி ஓடுகிறது, சிப்பந்தி ஓடுகிறான், வீட்டுக்காரி திட்டிக்கொண்டே பின்னால் வருகிறாள். அவன் செய்வது துரத்தலா, பிடித்தலா? அவனுக்குச் சம்பளம் கொடுக்கிறவருக்குப் பிடித்தால்தான் கணக்கு. கோழிக்கோ துரத்தலிலேயே பாதி உயிர் போய்விடும். ஒரே சொல் இரண்டையும் சுமந்தது இப்படிப்பட்ட வேலைகளில்தான். அங்கே துரத்தல் அநேகமாகப் பிடித்தலில் முடிந்தது. அரசு கோழியைத் துரத்தினால் கோழி எங்கே போகும்?

‘கேட்ச்’ பிடித்தல் பக்கம் சாய்ந்ததற்கு உள்ளூர்க் காரணமும் உண்டு. பழைய ஆங்கிலத்தில் பிடி என்பதற்கு ‘லெச்சன்’ என்ற சொந்தச் சொல் இருந்தது. அதன் இறந்தகாலம் ‘லாஃக்ட்’ என்பதுபோல் ஒலித்தது. புதிதாக வந்த ‘கச்சன்’ (‘கேட்ச்’சின் அன்றைய வடிவம்) ஒலியிலும் பொருளிலும் அதற்கு அண்டை வீட்டுக்காரன். அண்டை வீட்டின் இறந்தகால உருவையே இரவல் வாங்கிக்கொண்டது. அப்படி வந்ததுதான் ‘காட்’. பிரெஞ்சிலிருந்து வந்த வினைகளுக்கு ஆங்கிலத்தில் ஒழுங்கற்ற இறந்தகாலம் இருப்பது மிக அரிது. ‘கேட்ச்ட்’ என்ற ஒழுங்கான வடிவமும் பல நூற்றாண்டு புழங்கித்தான் ஓய்ந்தது. இரவல் கொடுத்த வீட்டுக்காரன் கதி என்ன? ‘லாட்ச்’ என்று சுருங்கிக் கதவுத் தாழ்ப்பாளில் உட்கார்ந்திருக்கிறான்.

மறுபுறம் ‘சேஸ்’. இத்தாலியத்திலும் ஸ்பானியத்திலும் போல அது ஆங்கிலத்திலும் வேட்டைக்குப் பொதுச்சொல் ஆகியிருக்கலாம். ஆனால் அந்த இடத்தில் ‘ஹன்ட்’ என்ற பழைய சொல் அசையாமல் உட்கார்ந்திருந்தது. பிடித்தல் ‘கேட்ச்’சுக்குப் போயிற்று. வேட்டை ‘ஹன்ட்’டிடம் இருந்தது. மிஞ்சிய நடுப்பகுதி, அதாவது ஓடுவதும் பின்னால் ஓடுவதும், ‘சேஸ்’ பங்குக்கு வந்தது.

4.

இங்கே ஒரு திருப்பம். இங்கிலாந்து வரைபடத்தில் கேனக் சேஸ், கிரான்போர்ன் சேஸ், ஹாட்ஃபீல்ட் சேஸ் என்று இடப்பெயர்களைப் பார்க்கலாம். துரத்தல் எப்படி நிலம் ஆயிற்று?

ஜான் மேன்வுட் என்பவர் 1598-இல் வெளியிட்ட வனச்சட்ட நூல் இதை வகைப்படுத்துகிறது. ‘ஃபாரஸ்ட்’ என்றால் மன்னனுடையது. அதற்குத் தனிச் சட்டமும் தனி மன்றங்களும் உண்டு. மரம் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ‘பார்க்’ என்றால் வேலியிட்ட வேட்டைப் பண்ணை. ‘சேஸ்’ இரண்டுக்கும் நடுவே: மன்னனல்லாத ஒரு பிரபுவுக்கு உரிய, வேலியில்லாத வேட்டைவெளி. அதில் குற்றம் செய்தால் வனச்சட்டம் பாயாது. பொதுச்சட்டப்படிதான் விசாரணை.

சேஸில் பிரபுவுக்கு என்ன சொந்தம்? நிலம் பல இடங்களில் மற்றவர்களுடையது. மான் யாருடையதும் அல்ல, இன்று இங்கே மேயும், நாளை அங்கே. அவருக்குச் சொந்தம் துரத்தும் உரிமை மட்டும். கிரான்போர்ன் சேஸில் மான்கள் அக்கம்பக்கத்து உழவர்களின் பயிரை மேய்ந்தன. நிலம் என்னுடையது, பயிர் என்னுடையது, ஆனால் அதைத் தின்னும் மானை நான் தொடக்கூடாது. துரத்தும் உரிமை இன்னொருவரிடம் இருக்கிறது. திருட்டு வேட்டைக்காரர்களுக்கும் காவலர்களுக்கும் அங்கே அடிதடி ஓயவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பிரபுவுக்கு இழப்பீடு ஏற்பாடு செய்துதான் அந்த உரிமையை ஒழிக்க முடிந்தது. கேனக் சேஸ் இன்று நடைப்பயணிகளுக்கும் மிதிவண்டிக்காரர்களுக்கும் பிடித்த இயற்கை எழில் வட்டாரம். 1958 முதல் சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது.

ஆக, கையில் ஒன்றுமே அகப்படாத ஒரு செயல் பத்திரத்தில் எழுதக்கூடிய சொத்தாக ஆயிற்று. இந்தச் சொல்லின் வரலாற்றில் முயற்சிக்குக் கிடைத்த மிக உயர்ந்த மதிப்பு இதுதான் என்பேன். வேட்டைக்காரருக்கு வழங்கிய பட்டப்பெயரிலிருந்துதான் ‘சேஸ்’ என்ற குடும்பப் பெயர் வந்தது என்பார்கள். லிங்கன் காலத்து அமெரிக்க நிதியமைச்சர் சால்மன் சேஸ் அந்தப் பெயர் தாங்கியவர். 1877-இல் தொடங்கிய சேஸ் நேஷனல் வங்கி அவர் பெயரைச் சூட்டிக்கொண்டது. கடன் வசூலுக்கும் அந்தப் பெயருக்கும் தொடர்பில்லை, பொருத்தம் மட்டுமே.

5.

இனி நீதிமன்றம். அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் சொத்துச் சட்டம் படிக்கும் மாணவர்கள் பலர் முதலில் சந்திப்பது ஒரு நரியைத்தான். 1805-இல் நியூயார்க் உச்ச நீதிமன்றம் தீர்த்த பியர்சன் எதிர் போஸ்ட் வழக்கு.

லாங் ஐலண்ட் கடற்கரை. யாருக்கும் சொந்தமில்லாத தரிசு மணல்வெளி. போஸ்ட் என்பவர் வேட்டைநாய்களோடு ஒரு நரியைக் கிளப்பித் துரத்திக்கொண்டு வருகிறார். நரி கண்ணெதிரே ஓடுகிறது. அந்த நேரம் பார்த்துப் பியர்சன் என்பவர் எதிர்ப்பட்டு, போஸ்ட் துரத்துவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே, நரியை அடித்துக் கொன்று எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். போஸ்ட் வழக்குப் போடுகிறார். கீழ் மன்றம் போஸ்ட் பக்கம். மேல்முறையீட்டில் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் டேனியல் டாம்ப்கின்ஸ். பின்னாளில் அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவர் ஆனவர். அவர் தீர்ப்பு: துரத்தியதால் மட்டும் நரி உன்னுடையது ஆகாது. பிடித்திருக்க வேண்டும். அல்லது தப்பவே முடியாதபடி காயப்படுத்தியிருக்க வேண்டும், வலையிலோ பொறியிலோ சிக்கவைத்திருக்க வேண்டும். ‘துரத்திவந்தேன்’ என்பதற்கெல்லாம் உரிமை கொடுத்தால் சண்டைக்கும் வழக்குக்கும் முடிவிருக்காது.

மாறுபட்ட தீர்ப்பு எழுதிய லிவிங்ஸ்டன் நகைச்சுவை உள்ளவர். இந்தக் கேள்வியை நம்மிடம் கொண்டுவந்திருக்கவே கூடாது, வேட்டைக்காரர்களே கூடித் தீர்த்திருக்க வேண்டியது என்றார். நரி கோழி திருடும் கொள்ளைக்காரன், அதைத் தொலைப்பது ஊருக்கு நல்லது. விடியலில் எழுந்து குதிரையேறி நாள் முழுக்கத் துரத்துகிறவனுக்குக் கடைசி நிமிடத்தில் எவனோ வந்து எடுத்துக்கொள்ளலாம் என்றால், யார் நாய் வளர்ப்பார்கள்? பிடித்துவிடுவான் என்று நியாயமாக எதிர்பார்க்கும் நிலையில் இருந்தால் துரத்தியவனுக்கே உரிமை தரலாம் என்பது அவர் வாதம். எனக்கு லிவிங்ஸ்டனைப் பிடிக்கும். ஆனால் நீதிபதி நாற்காலியில் என்னை உட்காரவைத்திருந்தால் டாம்ப்கின்ஸோடுதான் கையெழுத்துப் போட்டிருப்பேன். ‘நியாயமான எதிர்பார்ப்பை’ மணலில் அளக்க முடியாது. செத்த நரி யார் கையில் இருக்கிறது என்பதைப் பார்த்தாலே தெரியும்.

டாம்ப்கின்ஸ் சாய்ந்துகொண்ட தூண் எது என்பதுதான் மொழி மாணவனுக்கு விருந்து. 533-இல் வெளியான, ரோமப் பேரரசர் ஜஸ்டினியனின் சட்டப் பாடநூல். காயம்பட்ட விலங்கு யாருக்கு என்ற கேள்வி அங்கே வருகிறது. காயப்படுத்தியவன் பின்தொடரும்வரை அது அவனுடையது என்றார்கள் சிலர். பிடித்தால்தான் அவனுடையது என்றார்கள் வேறு சிலர். ஜஸ்டினியன் இரண்டாவதை ஏற்றார். இடையில் எத்தனையோ நடந்து பிடிக்க முடியாமல் போகலாம் என்பது காரணம். அங்கே ‘பிடித்தல்’ என்பதற்கு நின்ற சொல் சாட்சாத் ‘காபெரே’. ‘பின்தொடர்தல்’ என்பதற்கு நின்றது ‘பெர்செக்வி’. ‘பர்சிக்யூட்’ அதன் நேர்வாரிசு. ‘பர்சூ’, ‘சூட்’ ஆகியவை அந்தக் குடும்பத்துச் சொற்கள். வழக்குப் போடுவதற்கு ஆங்கிலத்தில் ‘சூ’ என்கிறோமே, அதுவும் பின்தொடர்வதுதான். வேட்டைக்களத்தின் இரண்டு சொற்களும் ரோமானியச் சட்ட வாசகத்தில் எதிரெதிராக நின்றவை.

அடிபட்ட விலங்கைத் தன்னுடையது என்று தேடிவருகிறவன் நமக்கும் தெரிந்தவன். தினைப்புனத்துப் பெண்களிடம் வந்து, என் அம்புபட்ட விலங்கு இந்தப் பக்கம் வந்ததா என்று கேட்கும் தலைவன். கெடுதி வினாதல் என்று அகத்துறை. அவன் உண்மையில் தேடி வந்தது விலங்கை அல்ல என்பது வேறு விஷயம். ஜஸ்டினியன் அவனுக்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

6.

மூன்றாவது பிள்ளை ‘பர்ச்சேஸ்’. ‘சாசியேர்’ என்பதற்கு முன்னால் ‘புர்’ என்ற ஒட்டைச் சேர்த்தால், ஒன்றைப் பெறுவதற்காகத் துரத்து, விடாமல் தேடிப் பெறு என்று பொருள். 1300 வாக்கில் ஆங்கிலத்துக்குள் வரும்போது பணம் கொடுத்து வாங்குவது என்ற பொருள் அதன் மையத்தில் இல்லை. மன்னிப்பையும் பதவியையும் பகையையும்கூடப் பர்ச்சேஸ் பண்ணலாம். கொள்ளையில் கிடைத்த பொருளுக்கும் அதே பெயர். ஷேக்ஸ்பியரின் ஐந்தாம் ஹென்றி நாடகத்தில் ஒரு சிறுவன், தன் எசமானர்கள் எதையும் திருடிவிட்டு அதற்குப் பர்ச்சேஸ் என்று பெயர் சொல்வதாகக் குறைப்பட்டுக்கொள்கிறான். சாசர் கான்டர்பரிக் கதைகளின் முன்னுரையில் தம் வக்கீல் பாத்திரத்தை மிகப் பெரிய பர்ச்சேஸ்காரர் என்கிறார். கடைத்தெருவில் அலைகிறவர் என்று எண்ணிவிடாதீர்கள். நிலத்தை வளைத்துப் போடுகிறவர்.

ஆங்கிலேய நிலச் சட்டத்தில் இந்தப் பழம்பொருள் அப்படியே உறைந்துபோயிற்று. நிலம் ஒருவருக்கு இரண்டே வழியில் வரும்: வாரிசாக, அல்லது பர்ச்சேஸாக. வாரிசு வழி வராதது பொதுவாகப் பர்ச்சேஸ்தான். மாமா தானமாக எழுதிவைத்தாலும் அது பர்ச்சேஸ். ஒரு காசு கைமாறியிருக்க வேண்டியதில்லை. நம் பத்திர எழுத்தர் மொழியில் இது கிரயம் அல்ல. பிதுரார்ஜிதத்துக்கு எதிரில் நிற்கும் சுயார்ஜிதத்துக்கு நெருங்கியது.

வில்லியம் பிளாக்ஸ்டோன் 1766-இல் வெளிவந்த தம் சட்ட விளக்க நூலின் இரண்டாம் தொகுதியில் இதை ஒரு படி மேலே கொண்டுபோகிறார். நார்மன் சட்ட வல்லுநர்கள் இதே பொருளில் ‘கான்குவெஸ்ட்’ என்ற சொல்லை ஆண்டார்கள். ஒரு நிலத்தைக் குடும்பத்துக்கு முதன்முதலில் கொண்டுவந்தவர் அவர்களுக்குக் ‘கான்கரர்’. ஆகவே வில்லியம் தி கான்கரர் என்றால் சுயார்ஜித வில்லியம் என்றுதான் பொருள் என்கிறார் பிளாக்ஸ்டோன். ஒரு நாட்டை வாளால் பிடித்ததைப் பத்திரப்பதிவு போல ஆக்கிவிட்டார். ஹேஸ்டிங்ஸ் களத்தில் செத்துக் கிடந்த ஆங்கில மன்னர் ஹரால்டைக் கேட்டால் இந்தச் சொல்விளக்கத்துக்கு ஒப்பியிருக்கமாட்டார். எனக்கும் இது வசதிக்காகச் சொன்ன விளக்கமாகவே படுகிறது. அரசர் வென்று பிடித்த நாடு என்று ஒப்புக்கொண்டால் மக்களின் பழைய உரிமைகள் என்ன ஆகும் என்ற கவலை அந்தக் காலத்து ஆங்கில வக்கீல்களுக்கு இருந்தது.

பணம் கொடுத்து வாங்கும் பொருள் மெல்ல மேலோங்கியதும் துரத்தல் இந்தச் சொல்லிலிருந்து மறைந்தது. 1803-இல் அமெரிக்கா பிரான்சிடமிருந்து லூசியானா பரப்பை வாங்கியதைப் பர்ச்சேஸ் என்கிறார்கள். 1871 வரை பிரிட்டிஷ் தரைப்படையில் அதிகாரிப் பதவிகளை விலைகொடுத்து வாங்கியதும் பர்ச்சேஸ். நம் தொழிற்சாலைகளின் பர்ச்சேஸ் ஆர்டர்வரை பணம்தான் பேசுகிறது. ஆனால் கப்பல்காரர்களும் பொறியாளர்களும் மட்டும் இன்னொன்றைக் காப்பாற்றினார்கள். பாரம் தூக்கும் கப்பி, நெம்புகோல், கைக்குக் கிடைக்கும் பிடிமானம் ஆகியவற்றுக்கு அவர்கள் ‘பர்ச்சேஸ்’ என்பார்கள். வழுக்குப் பாறையில் காலூன்ற இடம் கிடைத்தாலும் பர்ச்சேஸ்தான். ‘கப்’ என்ற வேரின் பிடி, பல நூற்றாண்டு நீதிமன்றத்திலும் கடைத்தெருவிலும் அலைந்துவிட்டு, மறுபடி கைக்கே வந்தது.

7.

கடைசியாக, அகராதியைத் திறக்கும் மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அங்கே இன்னும் சில ‘சேஸ்’கள் தனித்தனித் தலைப்பில் இருக்கும். வெள்ளித் தட்டில் உளியால் சித்திர வேலை செய்வது ஒன்று. மின்கம்பி பதிக்கச் சுவரில் வெட்டும் காடி ஒன்று. அச்சகத்து இரும்புச் சட்டம் ஒன்று. இவற்றில் துரத்தல் இல்லை. இவை லத்தீன் ‘கப்ஸா’, அதாவது பெட்டி என்ற சொல்லின் குடும்பம். அந்தப் பெட்டியும் ‘காபெரே’ வழி வந்ததே என்பது பெரும்பான்மைக் கருத்து. உள்ளே பிடித்து வைத்துக்கொள்வதால் பெட்டி.

இவற்றுள் அச்சகத்துச் சேஸ் நம் ஊரிலும் அதே பெயரில் புழங்கியது. கையால் எழுத்துக் கோத்து அச்சடித்த நாள்களில், கம்பாசிட்டர் பக்கத்தைக் கட்டி முடித்ததும் சேஸுக்குள் வைப்பார். சுற்றிலும் மரக்கட்டைகளைச் செருகி இறுக்குவார். பிறகு ஒரு மூலையை லேசாகத் தூக்கிப் பார்ப்பார். ஓர் எழுத்தும் உதிரவில்லை என்றால்தான் மெஷினுக்குப் போகும்.

அந்த எழுத்துகளை அவர் எடுத்தது அறை அறையாகப் பிரித்த மரப்பெட்டியிலிருந்து. அதற்கு அச்சகத்தில் ‘கேஸ்’ என்று பெயர். அதுவும் ‘கப்ஸா’வின் பிள்ளைதான், ‘க’ ஒலி மாறாத வடக்கத்திப் பிள்ளை. சேஸ் தெற்கத்திப் பிள்ளை. ஜோரே கோட்டின் இரண்டு பக்கத்திலிருந்தும் கிளம்பிய இரண்டு சொற்களையும் நம் கம்பாசிட்டர்கள் நாள்தோறும் கையாண்டார்கள்: கேஸிலிருந்து எடு, சேஸில் பூட்டு.